இப்னு பதூதா பார்த்த கோயில்: தெவிநுவரைக்கு ஒரு பயணம்

கிராண்ட்பாஸில் எங்கள் மத்ரஸாவின் மேல்மாடியில், வியாழக்கிழமை தோறும் மஃரிபுக்குப் பின் பெரிய மாணவர்களுக்கு ஒரு மேலதிகப் பாடம் நடப்பதுண்டு. பரீட்சையில் வராத பாடம். அரபுப் பழைய நூல் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒருவர் வாசிப்பார். மற்றவர்கள் பொருள் சொல்வார்கள். சென்ற வருடம் இப்னு பதூதாவின் பயண நூலை எடுத்துக்கொண்டோம்.

இலங்கையைப் பற்றிய பகுதி வந்ததும் பிள்ளைகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. புத்தளம் வருகிறது, பாவா ஆதம் மலை வருகிறது, காலி வருகிறது, கடைசியில் எங்கள் கொழும்பும் வருகிறது. ‘கலன்பூ’ என்று எழுதுகிறார். ஸரந்தீபின் பெரிய, அழகிய நகரங்களில் ஒன்று என்று அதைப் பாராட்டுகிறார். ஆனால் கொழும்புக்கு வருமுன், ‘தீனவர்’ என்ற கடற்கரைப் பட்டினத்தில் ஒரு கோயிலைக் கண்டதாகச் சொல்கிறார். அந்த இடத்தில்தான் வாசித்துக்கொண்டிருந்த மாணவர் தடுக்கி நின்றார்.

“ஹஸ்ரத், இது அச்சுப் பிழையா? இந்தப் பட்டினமும் அதன் வருமானமும் சிலைக்கு ‘வக்ஃப்’ என்று இருக்கிறதே!”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வக்ஃப் என்றால் பள்ளிவாசலுக்கும் மத்ரஸாவுக்கும் ஏழைகளுக்கும் அல்லாஹ்வுக்காக ஒதுக்கி வைக்கும் சொத்து என்றுதானே ஃபிக்ஹ் பாடத்தில் படித்திருக்கிறார்கள். நான் சொன்னேன்: “அச்சுப் பிழையல்ல மகன். இப்னு பதூதா ஒரு காழி. டெல்லியிலும் மாலைதீவிலும் நீதி வழங்கியவர். ஒரு நகரத்தின் வருமானம் முழுவதும் ஒரே நிறுவனத்துக்குக் கட்டுப்பட்டிருப்பதைப் பார்த்தார். அதற்குத் தமக்குத் தெரிந்த சட்டச் சொல்லைப் பயன்படுத்தினார். அந்தச் சொல் மார்க்கத் தீர்ப்பு அல்ல. கண்ட ஏற்பாட்டின் பெயர்.”

பதில் சொல்லிவிட்டேனே தவிர, அந்தச் சொல் என் மனத்தை விட்டுப் போகவில்லை. அந்த இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று மாணவர்களிடம் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, மாணவர் ஒருவரின் தந்தை என்னை நிறுத்தினார். எங்கள் வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் ஹாஜியார் அவர்.

“என்னத்துக்கு ஹஸ்ரத் இதெல்லாம்? ஓதப் போட்ட புள்ளைகளைச் சிலை பார்க்கக் கூட்டிக்கொண்டு போறீங்களாமே?”

“சிலை இல்லை ஹாஜியார். அது உடைந்து நானூறு வருசத்துக்கு மேலாச்சு. இடிந்த இடத்தைத்தான் பார்க்கப் போறோம். நீங்களும் வாங்களேன்” என்றேன். ஒரு பேச்சுக்குத்தான் அழைத்தேன். அவரோ உண்மையாகவே வந்துவிட்டார்.

காழியின் வாக்குமூலம்

இப்னு பதூதா என்ன எழுதினார் என்பதை முதலில் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மொரோக்கோவின் தன்ஜா நகரில் 1304இல் பிறந்த அவர், 1344இல் (ஹிஜ்ரி 745) மாலைதீவிலிருந்து இலங்கைக்கு வந்தார். பாவா ஆதம் மலைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் தென்முனைக்கு வந்து சேர்ந்தார். அது வணிகர்கள் வாழும் பெரிய பட்டினம் என்கிறார். அங்கே ஒரு பெரிய கோயில். அதில் பட்டினத்தின் பெயரையே கொண்ட சிலை. ஏறத்தாழ ஆயிரம் பிராமணர்களும் யோகிகளும் அங்கே இருந்தார்கள். இரவு தோறும் சிலையின் முன் பாடி ஆட ஐந்நூறு பெண்கள் அளவில் இருந்தார்கள். கோயிலில் இருப்பவர்களும் அங்கே வருகிறவர்களும் அந்த வருமானத்திலிருந்தே உணவு உண்டார்கள். சிலை பொன்னால் ஆனது, ஓர் ஆளின் உயரம். கண்களின் இடத்தில் இரண்டு பெரிய மாணிக்கங்கள்.

இந்த இடத்தில் மாணவர்களை நிறுத்தி ஒன்றைக் கவனிக்கச் சொன்னேன். அந்த மாணிக்கங்கள் இரவில் விளக்குப் போல ஒளிரும் என்று எழுதும்போது மட்டும், ‘எனக்குச் சொல்லப்பட்டது’ என்ற பொருளில் ஒரு சொல்லைச் சேர்க்கிறார். மற்றவற்றைத் தம் பொறுப்பில் சொன்னவர், அதிசயத்தைச் சொல்லும்போது அதைக் கேள்விப்பட்ட செய்தியாகப் பிரித்து வைக்கிறார். ஹதீஸ் கலை படிக்கும் பிள்ளைகளுக்கு இதன் அருமை புரியும். கண்டது வேறு, கேட்டது வேறு.

இன்னொன்றும் உண்டு. இப்னு பதூதா மார்க்க விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறவர் அல்லர். மாலைதீவில் காழியாக இருந்தபோது பெண்களின் ஆடை விஷயத்திலும் தொழுகை விஷயத்திலும் அவர் காட்டிய கண்டிப்பை அவரே எழுதி வைத்திருக்கிறார். அப்படிப்பட்டவர் இந்தக் கோயிலைப் பற்றி எழுதும்போது வசை ஒன்றும் பாடவில்லை. தாம் அதை நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை. இருந்ததை இருந்தபடி சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

மதகுக்கு மூடியாய்க் கிடந்த கல்

தெற்கே போகுமுன் கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போனோம். அங்கே காலியிலிருந்து கொண்டுவரப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த உயரம். மேலே இரண்டு டிராகன் உருவங்கள். 1911இல் காலி நகரில் கிரிப்ஸ் வீதியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்ததை டொம்லின் என்ற பொறியியலாளர் கண்டெடுத்தார். அதுவரை அதன் மேல் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன.

அந்தக் கல் சீனாவில் செதுக்கப்பட்டுக் கப்பலில் வந்தது. அதில் உள்ள தேதி நம் கணக்கில் 1409 பெப்ரவரி மாதத்துக்குரியது. கொண்டு வந்தவர் சீனப் பேரரசரின் கடற்படைத் தலைவர் செங் ஹோ. யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையும் பாட்டனாரும் ‘ஹாஜி’ என்ற பட்டத்தோடு அறியப்பட்டவர்கள்.

கல்லில் மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை சொல்லப்படுகிறது. பாரசீகத்தில் இஸ்லாத்தின் பெயரால். தமிழில் யாருக்கு? ‘தெனாவரை நாயனார்’ என்ற தெய்வத்துக்கு. தெனாவரை என்பது இப்னு பதூதாவின் தீனவர்தான். பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டுகள், இரண்டாயிரத்து ஐந்நூறு கட்டி வாசனை எண்ணெய் என்று பட்டியல் போகிறது. மூன்று பகுதிகளிலும் காணிக்கைகள் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கின்றன. ஒருவருக்குக் கூடவும் இல்லை, ஒருவருக்குக் குறையவும் இல்லை.

பிள்ளைகள் முதலில் ஓடியது பாரசீகப் பகுதிக்குத்தான். நம் எழுத்தல்லவா! ஆனால் கல்லில் மிகவும் தேய்ந்து போயிருப்பதும் அந்தப் பகுதியே. விரலால் காற்றில் கோடு போட்டு எழுத்துக் கூட்டிப் பார்த்தார்கள். முழுதாக ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. ஹாஜியார் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எங்கட பக்கம்தான் அழிஞ்சு போய்க் கிடக்கு” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

தென்முனையில்

அடுத்த வாரம் அதிகாலையில் கோட்டையில் ரயில் ஏறினோம். கடலோரமாகவே போகும் பாதை. மாத்தறையில் இறங்கி, பஸ்ஸில் தங்காலை வீதியில் ஆறு கிலோமீற்றர் அளவு போனால் தெவிநுவரை. ஆங்கிலத்தில் டொன்ட்ரா. சிங்களத்தில் தெவிநுவர அல்லது தெவுந்தர, தெய்வ நகரம் என்று பொருள். போர்த்துக்கேயர் தனவரை என்று எழுதினார்கள். தமிழர்கள் தொண்டேஸ்வரம் என்கிறார்கள். ஒரே ஊரை எத்தனை நாக்குகள் எத்தனை விதமாகச் சொல்லியிருக்கின்றன! அத்தனை பேரும் இங்கே வந்து போயிருக்கிறார்கள் என்பதற்கு இந்தப் பெயர்களே போதும்.

இன்றைய தெவிநுவரை ஒரு மீன்பிடி ஊர். துறைமுகத்தில் பல நாள் படகுகள் நெருக்கமாய் நிற்கின்றன. முனையில் 1890 முதல் ஒளி வீசி வரும் உயரமான வெளிச்சவீடு. அதற்கப்பால் அண்டார்க்டிகா வரை கடல்தான். ஊருக்குள் நீலநிறச் சுவரோடு விஷ்ணு தேவாலயம். பக்கத்தில் பௌத்த விகாரை. ஆடி மாதத்தை ஒட்டி இங்கே பெரிய பெரஹெர நடக்கும்.

இப்போதுள்ள தேவாலயம் பிற்காலத்தது. பழைய கோயிலின் மிச்சம் என்று பார்த்தால் கருங்கல் தூண்கள்தான். சில நிற்கின்றன, சில சாய்ந்திருக்கின்றன. அவற்றின் மேல் இப்போது எந்தக் கூரையும் இல்லை. ஒரு தூணின் நிழலில் வயதான சிங்களப் பெண்மணி ஒருவர் அர்ச்சனைப் பூத்தட்டுகளை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். தொப்பியும் ஜுப்பாவுமாய்ப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து தூண்களை எண்ணுவதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு. “மஹத்தயா, எல்லோரும் உள்ளே போவார்கள், நீங்கள் கல்லை அல்லவா பார்க்கிறீர்கள்?” என்று சிங்களத்தில் கேட்டார். கொழும்பிலிருந்து பழைய வரலாறு படிக்க வந்திருக்கிறோம் என்று சொன்னேன். அப்படியானால் ‘கல்கே’யைப் பார்க்காமல் போகக் கூடாது என்று அவரே வழியும் சொன்னார்.

கல்கே என்றால் கல்வீடு. கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மேட்டில் இருக்கிறது. சுவரும் கல், கூரையும் கல். ஓர் உள்ளறை, அதற்கு முன்னால் ஒரு சிறிய முன்னறை, அவ்வளவுதான். அலங்காரம் மிகக் குறைவு. உள்ளே ஒன்றும் இல்லை. கி.பி. ஏழாம் நூற்றாண்டளவில் கட்டப்பட்டதாக ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். இலங்கையில் முழுக்கக் கல்லாலேயே எழுப்பப்பட்டு இன்றும் நிற்கும் மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று. தொல்பொருள் ஆணையாளராக இருந்த செனரத் பரணவிதான இந்த இடத்தை ஆராய்ந்து 1953இல் தனி நூலே வெளியிட்டார். உபுல்வன் என்னும் தெய்வத்தின் ஆதிக் கோயில் இதுவே என்பது அவர் முடிவு.

ஹாஜியார் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். “வெறும் அறையாக இருக்கே” என்றார். பிறகு கையால் சுவரைத் தட்டிப் பார்த்தார். பழைய வீடு வாங்கப் போகிறவர் தட்டிப் பார்ப்பது போல இருந்தது. “வேலை நல்ல வேலை” என்றார்.

யாருடைய கோயில்?

மேட்டில் மர நிழலில் உட்கார்ந்து, கொண்டு போயிருந்த சோற்றுப் பார்சல்களை விரித்தோம். சாப்பிடும்போது மாணவர் ஒருவர் கேட்டார்: “ஹஸ்ரத், கடைசியில் இது யாருடைய கோயில்? சிங்களவர்களுடையதா, தமிழர்களுடையதா?”

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. சிங்கள இலக்கியங்கள் உபுல்வன் தெய்வத்தைப் பாடுகின்றன. பதினைந்தாம் நூற்றாண்டின் ‘பரெவி சந்தேசய’ கோட்டை நகரிலிருந்து இந்தத் தெய்வத்துக்குப் புறாவைத் தூது விடும் நூல். பிற்காலத்தில் உபுல்வனும் விஷ்ணுவும் ஒன்று என்று மக்கள் நம்பினார்கள். பரணவிதானவோ உபுல்வன் ஆதியில் வருணனே என்றார். அதை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை. தமிழ் இந்துக்கள் இதைப் பழைய ஈஸ்வரங்களில் ஒன்றாக, சிவன் கோயிலாகப் போற்றுகிறார்கள். சீனக் கல்லின் தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது.

இது இலங்கையில் மட்டும் உள்ள சிக்கலல்ல. இன்றைய பிரான்ஸ் நாடு ரோமர் ஆட்சியில் ‘கல்லியா’ என்று இருந்த காலத்தில், அங்கே கிராமப்புறங்களில் சிறிய கோயில்கள் ஏராளமாக இருந்தன. நடுவில் ஒரு சதுர அறை, அதைச் சுற்றி ஒரு நடைகூடம் என்ற அமைப்பு. அங்கே உள்ளூர்த் தெய்வத்தின் பெயரும் ரோமத் தெய்வத்தின் பெயரும் ஒன்றாக இணைந்து வழங்கின. ‘அப்பலோ கிரானுஸ்’ என்பது அப்படிப்பட்ட பெயர். அந்தத் தெய்வம் யாருடையது என்று கேட்டால், வணங்கியவர்கள் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்லியிருப்பார்கள்.

அந்தக் கோயில்களின் முடிவும் ஏறக்குறைய இதே கதைதான். நாலாம் நூற்றாண்டில் தூர் நகரத்து ஆயர் மார்ட்டின் கிராமக் கோயில்களை இடித்ததை அவருடைய வரலாற்றை எழுதியவர் புகழ்ந்து எழுதியிருக்கிறார். கும்பிட்ட கிராமத்தவர்கள் எழுதி வைத்த நூல் எதுவும் இல்லை. ஆகவே, அங்கே தொல்லியலாளர்கள் மண்ணைத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. சுவரின் அடித்தளத்தைக் கொண்டு அறையின் அமைப்பை அறிகிறார்கள். நாணயத்தைக் கொண்டு காலத்தை அறிகிறார்கள். சேன் நதியின் ஊற்றில் இருந்த கோயிலில் 1963இல் நனைந்த சேற்றுக்குள்ளிருந்து மரத்தில் செதுக்கிய கைகள், கால்கள், தலைகள், உடல் உறுப்புகள் நிறையக் கிடைத்தன. நோய் தீர வேண்டி ஏழை எளியவர்கள் வைத்துவிட்டுப் போனவை. எந்தச் சரித்திர நூலும் சொல்லாத அந்த மக்களின் வலி, சேறு காப்பாற்றியதால் இன்று தெரிகிறது.

மூன்று சாட்சிகள்

ஒரு செய்தி உண்மையா என்று நாம் எப்படிப் பார்க்கிறோம்? ஹதீஸ் கலையில் ஓர் அறிவிப்புக்கு வேறொரு தனி வழியில் ஆதரவு கிடைத்தால் அதை ‘ஷாஹித்’ என்போம். சாட்சி என்று பொருள். தெவிநுவரை விஷயத்திலும் அப்படியே செய்து பார்க்கலாம் என்று மாணவர்களிடம் சொன்னேன்.

கோயில் வருமானத்தில் மக்கள் உண்டார்கள் என்று 1344இல் ஒரு மொரோக்கோ முஸ்லிம் சொல்கிறார். மாத்தறைக்குப் பக்கத்தில் நயிம்மனை என்ற ஊரில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கோட்டையை ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகுவின் காலத்தது. அதாவது இப்னு பதூதாவுக்கு ஏறக்குறைய நூறு வருடம் பிந்தியது. தெவிநுவரையில் நாள் தோறும் பன்னிரண்டு பிராமணர்களுக்கு உணவளிக்கும் சத்திரத்துக்காக நிலங்களையும் தோட்டங்களையும் கொடுத்ததைச் சொல்கிறது. சிங்கள அரசன், தமிழ்க் கல்வெட்டு, பிராமணருக்கு உணவு! காழி ‘வக்ஃப்’ என்று எழுதியது மிகைப் பேச்சல்ல என்பதற்கு இது ஷாஹித். ஆயிரம், ஐந்நூறு என்ற எண்களை மட்டும் நான் அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். பயணிகளின் வாயில் முழு எண் என்பது ‘நிறைய’ என்பதற்கு இன்னொரு பெயர்.

இரண்டாவது சாட்சி செங் ஹோவின் கல். அதுவும் ஒரு முஸ்லிமின் கையால் வந்தது. கல் நட்டவர் வெறும் சமாதானத் தூதர் என்று எண்ணிவிடவும் வேண்டாம். 1411இல் அவருடைய படை இங்கே போர் செய்து, வீர அளகேஸ்வரனைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டு போனது. இருந்தாலும், தெனாவரைக் கோயில் பேரரசரின் காணிக்கைக்கு உரிய பெரிய இடம் என்பதற்கு அந்தக் கல் சான்று.

மூன்றாவது சாட்சி இடித்தவர்களே. 1587இலும் 1588இலும் சீதாவக்கை அரசன் முதலாம் இராஜசிங்கன் கொழும்புக் கோட்டையைச் சுற்றி வளைத்திருந்தான். அன்றைய மதிலுக்கு வெளியேதான் இன்றைய கிராண்ட்பாஸ் இருக்கிறது. ‘பெரிய துறை’ என்று களனி கங்கையின் கடவைக்குப் போர்த்துக்கேயர் வைத்த பெயர்தான் இன்று எங்கள் வட்டாரத்தின் பெயர். முற்றுகையின் இறுக்கத்தைத் தளர்த்த, போர்த்துக்கேயர் கப்பல்களை அனுப்பித் தெற்குக் கரையோர ஊர்களைச் சூறையாடினார்கள். 1588 பெப்ரவரியில் தோமே டி சூசா டி அரோஞ்சஸ் என்ற தளபதியின் படை தெவிநுவரையில் இறங்கியது. கடலிலிருந்து பார்த்தால் ஒரு நகரம் போலத் தெரிந்த கோயில். பொன்முலாம் பூசிய செப்புத் தகட்டுக் கூரை. சிலைகளை உடைத்தார்கள். களஞ்சியங்களைக் கொள்ளையடித்தார்கள். பெரிய தேரை எரித்தார்கள். கோயிலின் புனிதத்தைக் கெடுக்க வேண்டும் என்பதற்காகவே உள்ளே பசுக்களை அறுத்தார்கள். இதையெல்லாம் எதிரிகள் எழுதவில்லை. போர்த்துக்கேய வரலாற்று ஆசிரியர்களே பெருமையாக எழுதி வைத்தார்கள். ஒருவர் தமக்கு எதிராகத் தாமே சொல்லும் ‘இக்றார்’ எவ்வளவு பலமான ஆதாரம் என்பதை ஃபிக்ஹ் படித்தவர்கள் அறிவார்கள்.

பசுவை அறுத்த செய்தியைச் சொன்னதும் ஒரு மாணவர் மெதுவாகக் கேட்டார். “ஹஸ்ரத், நம்முடைய ஆட்களும் கோயில்களை இடித்திருக்கிறார்களே?”

கேட்காமல் இருந்திருந்தால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தேன். ஹாஜியாரும் என் முகத்தையே பார்த்தார். ஆனால் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள், அது உங்களுக்கே எதிராக இருந்தாலும் சரி என்பது குர்ஆனின் கட்டளை (4:135). “ஆம் மகன், நடந்திருக்கிறது” என்றேன். 1311இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காஃபூரின் படை தமிழ்நாட்டில் கோயில்களைக் கொள்ளையடித்தது. நம் காலத்திலேயே 2001இல் ஆப்கானிஸ்தானின் பாமியானில் பெரும் புத்தர் சிலைகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். முதல் நூற்றாண்டின் முஸ்லிம்கள் அந்த நாட்டுக்குப் போனபோதும் அந்தச் சிலைகள் அங்கேதான் இருந்தன. தெவிநுவரையை இடித்தவனை மட்டும் குறை சொல்லிவிட்டு இவற்றை விழுங்கினால், நம் சாட்சியம் தள்ளுபடியாகிவிடும்.

திரும்பும் வழியில்

மாத்தறையில் ஒரு பள்ளிவாசலில் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுவிட்டு ரயில் ஏறினோம். பிள்ளைகள் களைத்துத் தூங்கிவிட்டார்கள். ஹாஜியார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வெலிகமை தாண்டும் வரை பேசவே இல்லை. பிறகு கேட்டார்:

“ஹஸ்ரத், ரெண்டாயிரத்துப் பதிமூணு ஞாபகம் இருக்கா?”

மறக்க முடியுமா? 2013 ஆகஸ்டில், நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு, எங்கள் கிராண்ட்பாஸில் ஒரு பள்ளிவாசலைக் கும்பல் ஒன்று தாக்கியது. கல்வீச்சு, உடைந்த கண்ணாடிகள், ஊரடங்கு. நான் அன்று அங்கே இல்லை. ஹாஜியார் பக்கத்துத் தெருவில்தான் இருந்தார்.

“அடுத்த நாள் பலர் பல விதமாகப் பேசினாங்க. நாங்கதான் முதல்ல எறிஞ்சோமாம். எங்கட ஆட்கள் சொன்னா, இவங்க அப்பிடித்தானே சொல்லுவாங்க என்கிறாங்க. எங்கட லேனில் இருந்த ஒரு சிங்களப் பொம்பிளை, கண்டதைக் கண்டபடி எல்லாரிட்டயும் சொல்லிக்கொண்டு திரிஞ்சா. அவக்கு என்ன லாபம்? சொந்தக்காரங்களே அவவை ஏசினாங்க. அந்த ஒரு ஆள் சொன்னதுதான் எங்களுக்கு நெஞ்சில் தண்ணி வார்த்த மாதிரி.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தக் காழியும் அப்பிடித்தான் எழுதியிருக்கார், என்ன?” என்றார்.

நான் நாள் முழுவதும் பிள்ளைகளுக்குச் சொல்ல முயன்றதை, அரபு படிக்காத ஹாஜியார் ஒரே கேள்வியில் சொல்லிவிட்டார். தெவிநுவரைக் கோயிலின் பொன் கூரையும் போய்விட்டது, மாணிக்கக் கண்ணும் போய்விட்டது. அது நிறைந்து இருந்த நாளில் அதைக் கண்டு எழுதிய வெளிநாட்டவரின் சாட்சியம் நம் கையில் அரபியில் இருக்கிறது. அதைச் சொன்னவர் அங்கே வணங்கியவர் அல்லர். அதனால் எந்தத் தரப்பாரும் அவரைத் தங்கள் ஆள் என்று தள்ளிவிட முடியாது. அந்தச் சாட்சியத்தைக் கூட்டாமல் குறைக்காமல் அயலவர்களுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு, அந்த மொழியை ஓதும் நம்மிடம் இருக்கிறது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று (5:8) நாம் மிம்பரில் சொல்கிறோம். மடங்கள், தேவாலயங்கள், யூத ஆலயங்கள், பள்ளிவாசல்கள் எல்லாம் இடிபடாமல் காக்கப்படுவதைச் சொல்லும் வசனத்தையும் (22:40) ஓதுகிறோம். அந்த வரிசையில் பள்ளிவாசல் கடைசியில்தான் வருகிறது என்பதை அன்று ரயிலில்தான் நான் நின்று யோசித்தேன்.

கொழும்பில் இருக்கும் வாசகர்கள் பிள்ளைகளை ஒரு நாள் நூதனசாலைக்குக் கூட்டிச் சென்று அந்த மும்மொழிக் கல்லைக் காட்டுங்கள். தேய்ந்து போன நம் பகுதியோடு நின்றுவிடாமல், மேலே இருக்கும் தமிழ்ப் பகுதியையும் காட்டுங்கள். தெற்கே போகிறவர்கள் மாத்தறையோடு திரும்பிவிடாமல் இன்னும் ஆறு கிலோமீற்றர் போய்வாருங்கள்.

எங்கள் வியாழக்கிழமைப் பாடம் தொடர்கிறது. இப்போது ஹாஜியாரும் சில நாட்களில் வந்து பின்வரிசையில் உட்காருகிறார். சென்ற வாரம் அவர் கேட்டது: “ஹஸ்ரத், அந்தப் பூ விக்கிற பொம்பிளைக்கு இந்தக் கதை தெரியுமா? அடுத்த முறை போகக்கொள்ள சிங்களத்தில் எழுதிக்கொண்டு போவோமே.”

மாணவர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். ‘வக்ஃப்’ என்ற சொல்லைச் சிங்களத்தில் எப்படி எழுதுவது என்பதில்தான் இன்னும் விவாதம் முடியவில்லை.